ஆல்ப்ஸ் ஏரி மிருகங்கள்: எந்தக் கதைக்கு எந்த இயற்கைக் காரணம் பொருந்தும்?

கரையோரன் (கேள்வி)

வணக்கம். ஆல்ப்ஸ் மலை ஏரிகளைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் அடியில் ஏதோ ஒரு மிருகம் கிடக்கிறது. மூன்று கதைகளை மட்டும் இங்கே வைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் 1499 மே 26 அதிகாலை, பெரும் இடிமழைக்குப் பின், இறக்கை இல்லாத டிராகன் ஒன்று ராய்ஸ் ஆற்றிலிருந்து எழுந்ததாகப் பழைய பதிவு இருக்கிறது. இத்தாலியின் கோமோ ஏரியில் 1946 நவம்பரில் 'லாரியோசாரோ' என்ற மிருகத்தைப் பார்த்ததாகச் செய்தி வந்தது. மூன்றாவது, பவேரியாவின் வால்கன்சே ஏரி. அதன் அடியில் ஒரு ராட்சத மீன் தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு கிடக்கிறதாம். வாலை விட்டால் மலை உடைந்து மியூனிக் வரை வெள்ளம் போகும் என்று நம்பினார்கள்.

விளக்கம் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வருகிறது: மரக்கட்டை, பெரிய மீன், அலை. எந்த ஏரியில் எது, ஏன் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. சதுப்புக் குட்டைக்கும் 400 மீட்டர் ஆழ ஏரிக்கும் ஒரே விளக்கம் எப்படிப் பொருந்தும்? ஏரி இயல், மீன், அலை தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வண்டல்

லூசர்னிலிருந்து தொடங்குகிறேன். அங்கே மக்களின் பேச்சிலேயே பாதி விடை கிடக்கிறது. மலைக் காட்டாறு மரங்களையும் பாறைகளையும் பெயர்த்துக்கொண்டு இறங்கினால், சுவிஸ் மலைவாசிகள் "டிராகன் புறப்பட்டுவிட்டது" என்பார்கள். இந்தச் சொலவடையைக் கிரிம் சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது டிராகன் என்பது பல இடங்களில் வெள்ளத்துக்கே பெயர்.

இப்போது 1499 பதிவை மறுபடி பாருங்கள். முந்தைய இரவு இடிமழை, மறுநாள் அதிகாலை, ஆறு கலங்கி ஓடுகிறது. பிலாட்டஸ் மலைச்சரிவின் நீரைக் கொண்டுவரும் கிரியென்பாக் ஓடை லூசர்ன் நகருக்குள் வந்து ராய்ஸில் சேர்கிறது. அப்படிப்பட்ட இரவில் அது வேரோடு பிடுங்கிய மரங்களைக் கொண்டுவரும். வேர்க்கொத்து முன்னால், தண்டு பின்னால். பாலத்துத் தூணில் முட்டினால் வேர்ப்பக்கம் நீருக்கு மேல் எழும், பிறகு உருண்டு அமிழும். விடியற்காலை வெளிச்சத்தில் அதைப் பார்த்தவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்த சொல்லால் சொன்னார்.

லூசர்ன் ஏரி மரக்கட்டையோடு முடிகிற இடம் இல்லை. 1601 செப்டம்பர் 18 அன்று சுவிட்சர்லாந்தின் நடுப் பகுதியில் ஏறத்தாழ 5.9 அளவில் ஒரு நிலநடுக்கம். ஏரியின் பக்கச் சரிவுகளில் தளர்வாகப் படிந்திருந்த சேறு நீருக்கடியில் சரிந்தது. அதனால் எழுந்த அலைகள் 4 மீட்டர் வரை உயர்ந்தன. ஏரி முழுக்கத் தொட்டித் தண்ணீர் போல ஆடியதில், ஏரியிலிருந்து வெளியேறும் ராய்ஸ் ஆறு லூசர்ன் நகருக்குள் கிட்டத்தட்ட வற்றியது, பின்னோக்கி ஓடியது, மறுபடி பாய்ந்து வந்தது. நகர எழுத்தர் ரென்வார்ட் சீசாட் இதை நேரில் கண்டு எழுதினார். இன்றைய ஏரிப் படிவு ஆய்வுகள் அந்தச் சரிவுகளைச் சேற்று அடுக்குகளில் அடையாளம் கண்டிருக்கின்றன.

1687இல் நடந்தது இன்னும் முக்கியம். நிலநடுக்கமே இல்லாமல் முவோட்டா ஆற்றின் டெல்டா விளிம்பு தானாகச் சரிந்து அதே ஏரியில் பெரிய அலையைக் கிளப்பியது. மலை ஆறு ஆண்டு முழுவதும் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து செங்குத்தான விளிம்பில் கொட்டுகிறது. தாங்கும் அளவு தாண்டியதும் அது இடிகிறது. தரை அதிரவில்லை, காற்று இல்லை, திடீரென்று ஏரி எழுந்து கரையை அடிக்கிறது. உள்ளே ஏதோ புரண்டது என்பதைத் தவிர 17ஆம் நூற்றாண்டு மனிதருக்கு வேறு என்ன தோன்றும்?

ஜெனீவா ஏரியில் கி.பி. 563இல் இதைவிடப் பெரியது நடந்திருக்கிறது. ரோன் ஆறு ஏரியில் சேரும் பக்கம் மலைச்சரிவு ஒன்று விழுந்தது. டெல்டா சரிந்து எழுந்த அலை லோசான் கரையில் சுமார் 13 மீட்டர், ஜெனீவாவில் 8 மீட்டர் இருந்திருக்கும் என்று 2012இல் வெளியான கணிப்பு சொல்கிறது.

பிலாட்டஸ் மலைக்குட்டைக் கதை வேறு வகை. அங்கே இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் போந்தியு பிலாத்துவின் உடல் கிடக்கிறது, தண்ணீரைக் கலக்கினால் புயல் வரும் என்று நம்பி நகரமே ஏறுவதைத் தடை செய்திருந்தது. மீறி ஏற முயன்ற ஆறு மதகுருமார் 1387இல் சிறைப்பட்டார்கள். 1585இல் பங்குத்தந்தை யோஹான் முல்லர் ஆட்களோடு ஏறிக் கற்களை எறிந்து காட்டினார். 1594இல் குட்டையின் கரையை வெட்டி வடித்தார்கள். காரணம் எளிது: சமவெளியை ஒட்டி 2,100 மீட்டருக்கு மேல் எழும் முதல் பெருஞ்சுவர் அந்த மலை. கோடையில் காலையில் ஏறத் தொடங்கினால் உச்சியை எட்டும் பிற்பகலில்தான் இடிமேகம் திரளும். கல் எறிந்தாலும் எறியாவிட்டாலும் மழை வரும்.

---

தூண்டில்முள்

மீன் பக்கத்தை நான் சொல்கிறேன். "பெரிய மீன்" என்று பொதுவாகச் சொல்வதுதான் தவறு. எந்த மீன், எந்த நீரில், எந்த ஆண்டில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோரும் கை காட்டுவது வெல்ஸ் கெளுத்தி. நம் ஆற்று வாளையின் குடும்பம்தான். அகன்ற வாய், நீண்ட மீசை, செதிலற்ற வழுவழுப்பான உடல். 2023இல் இத்தாலியின் போ ஆற்றில் பிடித்து அளந்துவிட்டு மறுபடி நீரில் விட்டது 2.85 மீட்டர். எடை 100 கிலோவைத் தாண்டக்கூடிய இனம். ரைன் படுகையின் கான்ஸ்டன்ஸ், நியூஷாடெல், முர்டென் ஏரிகளில் இது இயற்கையாகவே உண்டு. அங்கே பழைய கதைகளுக்கு இது நல்ல வேட்பாளர். ஆனால் இது ஆழ்கடல் மிருகம் போல நடு ஏரியில் வாழாது. நீர் 20 டிகிரியை நெருங்கும் கோடைத் தொடக்கத்தில், நாணலும் பாசியும் உள்ள ஆழமற்ற கரையில்தான் முட்டையிட வரும், முதுகு நீருக்கு மேல் தெரியும். நடு ஏரியில், குளிர்காலத்தில் பார்த்தோம் என்றால் வெல்ஸ் இல்லை.

கோமோவுக்கு இதை இழுப்பது இன்னும் கடினம். கோமோ ஏரி சேர்ந்த போ படுகையில் வெல்ஸ் பரவத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். 1946 செய்திக்கு அது பிந்திப் போகிறது. அந்தக் காலத்துக்குப் பொருந்துவது ஸ்டர்ஜன். போ நதி அமைப்பின் சொந்த மீன், ஆத்ரியா ஸ்டர்ஜன் 2 மீட்டர் அளவுக்கு வளரும், பக்கவாட்டில் எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும், சமயத்தில் நீரைவிட்டு முழுசாகத் துள்ளும். செய்தியில் சொன்ன இடமான பியான் டி ஸ்பான்யா, ஆடா ஆறு ஏரியில் கலக்கும் சதுப்பு முனை. ஆற்று மீனும் ஆற்றில் வரும் கட்டைகளும் ஒதுங்கும் இடம் அதுதான்.

கோமோ கதையின் உண்மையான வேர் மீன் இல்லை, பெயர். ஏரியின் பழைய பெயர் லாரியோ. கிழக்குக் கரையில் வரென்னாவுக்கு மேலே பெர்லெடோ சுண்ணாம்புப் பாறையில் 1830இல் ஒரு ஊர்வனப் படிமம் கிடைத்தது. 1847இல் ஜூலியோ குரியோனி அதற்கு லாரியோசாரஸ் என்று பெயரிட்டார். 'லாரியோவின் பல்லி' என்ற பெயர் முன்னமே இருந்ததால் மிருகத்துக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த ஊர்வன பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம்கூட இல்லை. ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமான ஆழமற்ற கடலில் வாழ்ந்தது. ஆல்ப்ஸ் மலையே அப்போது இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கை நிரப்பியிருந்தது பனியாறு. இடையில் தப்பி ஒளிந்திருக்க நீரே இல்லை.

வால்கன்சேயிலும் பெயர்தான் விளையாடுகிறது. அந்தப் பகுதி ஜெர்மன் பேச்சில் வெல்ஸ் மீனுக்கு 'வாலர்' என்று பெயர். ஏரியின் பெயரோ 'வால்கன்' என்பதிலிருந்து வந்தது என்பது வழக்கமான விளக்கம். லத்தீன் வழி மொழி பேசிய பழைய குடிகளை ஜெர்மானியர் அப்படி அழைத்தார்கள். ஒலி ஒத்துப்போனதும் ஏரிக்குள் வாலர் மீன் குடியேறிவிட்டது. 190 மீட்டர் ஆழமுள்ள அந்தக் குளிர்ந்த, தெளிந்த நீர் வெல்ஸுக்கு ஏற்ற இடமே இல்லை.

---

வண்டல்

தூண்டில்முள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வால்கன்சே அச்சத்தின் அந்த வெள்ளப் பகுதியை வெறும் கற்பனை என்று தள்ளக்கூடாது. ஏரி சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கெஸல்பெர்க் என்ற ஒரு மலைமுதுகு மட்டும் அதைத் தடுத்து நிற்க, அந்தப் பக்கம் 200 மீட்டர் கீழே கோகெல்சே ஏரி. 1924 முதல் இயங்கும் வால்கன்சே நீர்மின் நிலையம் இந்த உயர வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. கோகெல்சே வழியாகப் போகும் லோய்சாக் ஆறு ஈசாரில் சேர்கிறது, அந்த ஈசார்தான் மியூனிக் வழியாக ஓடுவது. இரண்டும் சேர்வது மியூனிக்குக்கு மேலேதான். தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏரி அடங்கியிருக்க மியூனிக்கில் பூசை வைத்தார்கள், தங்க மோதிரம் செய்து ஏரியில் இட்டார்கள் என்று மரபு சொல்கிறது. மீன் அந்த மலைமுதுகின் மேல் இருந்த பயத்துக்கு வைத்த உருவம்.

---

கரையோரன்

இரண்டு பதில்களும் அருமை, நன்றி. ஆனால் ஒரு வகைச் சாட்சியம் இன்னும் மிஞ்சுகிறது. காற்றே இல்லாத நாள், ஏரி கண்ணாடி போல, கண்ணுக்கெட்டிய தூரம் படகு இல்லை. திடீரென்று மூன்று நான்கு கரிய திமில்கள் வரிசையாக நகர்கின்றன. அமைதியான நீரில் அலை எப்படி வரும்?

---

அலைக்கணக்கு

அமைதியான நாளில்தான் அது நன்றாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆழமான நீரில் போகும் படகின் பின்னால் விரியும் அலை, போகும் பாதையிலிருந்து இருபுறமும் சுமார் 19.5 டிகிரிக் கோணத்தில் விரியும். படகு 22 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 6.1 மீட்டர். அந்த விளிம்பு பக்கவாட்டில் நகரும் வேகம் அதில் 0.354 பங்கு, அதாவது வினாடிக்கு 2.2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கரையிலிருந்து 2 கி.மீ. தள்ளிப் போன படகின் அலை உங்களிடம் வந்து சேர 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் படகு 5 கி.மீ.க்கும் அப்பால், ஏதோ ஒரு முனையைத் திரும்பி மறைந்திருக்கும். காற்றலை இருந்தால் இது அதற்குள் கரைந்துவிடும். கண்ணாடி நீரில் தனியாக நிற்கும்.

திமில் ஏன் கருப்பு? தாழ்வான கரையிலிருந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு கண்ணாடி போல எதிரொளிக்கிறது. அலையின் ஒரு சரிவு வானத்தைக் காட்டும், இன்னொரு சாய்வு எதிர்க்கரையின் இருண்ட காட்டையோ மலை நிழலையோ காட்டும். வெளுத்த பரப்பில் கரிய பட்டைகள். மலை சூழாத ஏரியில் இந்த மாறுபாடு இவ்வளவு கூர்மையாக வராது. கோமோ ஏரியிலும் லூசர்ன் ஏரியின் ஊரி பகுதியிலும் கரை பல இடங்களில் செங்குத்துப் பாறை. அலை மோதி உடையாமல் அப்படியே திரும்பும். திரும்பும் அலையும் வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் திமில்கள் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். "மூழ்கி மறுபடி எழுந்தது" என்ற சாட்சியம் அதுதான்.

அளவு மிகைப்படுவதையும் பார்ப்போம். கை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 1 டிகிரி, 1 கி.மீ. தூரத்தில் அது 17 மீட்டரை மறைக்கும். 3 மீட்டர் கட்டை அந்தத் தூரத்தில் சுண்டுவிரலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். சிக்கல் தூரத்தில். கண் நீரிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், 500 மீட்டரில் உள்ள பொருளும் 1,000 மீட்டரில் உள்ளதும் பார்வையில் 0.1 டிகிரிதான் வேறுபடும், விரலில் பத்தில் ஒரு பங்கு. வெற்று நீரில் ஒப்பிட மரமோ வீடோ கிடையாது. தூரத்தை இரட்டிப்பாக நினைத்தால் நீளமும் இரட்டிப்பாகும். 5 மீட்டர் கட்டை 10 மீட்டர் பாம்பாவதற்கு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கானல் இன்னொரு காரணம். வசந்தத்தில் ஏரி 6, 7 டிகிரியில் கிடக்க மேலே சூடான காற்று தங்கினால், ஒளி கீழ்நோக்கி வளைந்து தொலைவுப் பொருட்களைச் செங்குத்தாக இழுத்துக் காட்டும். கைப்பிடி உயரக் கட்டை தூண் போலத் தெரியும். ஜெனீவா ஏரியில் இதைப் பல ஆண்டுகள் கவனித்துப் பதிவு செய்தவர் ஃபோரெல், ஏரி இயலை ஒரு துறையாகவே நிறுவியவர். கனடாவில் வால்டெமார் லென் 1979இல் ஏரி மிருகக் காட்சிகளோடு இதைத் தொடர்புபடுத்திக் கட்டுரை எழுதினார். சோதிப்பது எளிது: சில மீட்டர் மேலே ஏறிப் பாருங்கள். கானல் உருவம் சுருங்கும் அல்லது மறையும். உண்மைப் பொருள் அப்படியே இருக்கும்.

வண்டல் சொன்ன தொட்டி ஆட்டத்துக்கு 'சேஷ்' என்று பெயர். ஜெனீவா ஏரி வட்டாரத்துச் சொல்லான இதைத் துறைச் சொல்லாக்கியவரும் ஃபோரெல்தான். நீளத்தை இரட்டித்து, புவியீர்ப்பு முடுக்கத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஆட்டக் காலம் கிடைக்கும். ஜெனீவா ஏரிக்கு 70 கி.மீ., 153 மீட்டர் போட்டால் சுமார் ஒரு மணி நேரம் வரும். அளந்தது 74 நிமிடம். மேற்குக் கோடி ஆழமற்றது என்பதால் அலை அங்கே தாமதிக்கிறது, சூத்திரம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

---

மரமேறி

கட்டைகளைப் பற்றி ஒன்று கேட்கலாமா? அடியில் மூழ்கிய மரம் அழுகி, வாயு சேர்ந்து, திடீரென்று மேலே பாய்ந்து வரும் என்று ஒரு விளக்கம் உண்டே. லாக் நெஸ் ஏரிக்குச் சொன்னார்கள். ஆல்ப்ஸுக்கும் பொருந்தாதா?

---

வண்டல்

ஆழமான ஆல்ப்ஸ் ஏரிகளுக்குப் பொருந்தாது. கோமோ 400 மீட்டருக்கு மேல் ஆழம், அடியில் 40 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். அங்கே நீர் ஆண்டு முழுக்க 6 டிகிரி அளவில் இருப்பதால் அழுகலே மிக மெதுவாக நடக்கும். உண்டாகும் கொஞ்ச வாயுவும் அந்த அழுத்தத்தில் நீரில் கரைந்துவிடும். சில மில்லிமீட்டர் குமிழ்கள் அடியிலிருந்து கிளம்பினாலும் மேலே வருமுன் பெரும்பாலும் கரையும். ஊறிய மரமோ நீரைவிடக் கனம். வாயு கட்டைகளையும் சேற்றுத் தாவரப் பாயையும் தூக்குவது ஆற்று முகத்தின் ஆழமற்ற, வெயில் படும் சேற்றில்தான்.

உண்மையில் கட்டைகள் நடுநீரில் தொங்கும் இடம் ஒன்று இருக்கிறது: ஆஸ்திரியாவின் டோப்லிட்ஸ் ஏரி. 100 மீட்டர் சொச்சம் ஆழம். ஏறத்தாழ 20 மீட்டருக்குக் கீழே உப்பு நீர், ஆக்சிஜன் இல்லை. சரிவிலிருந்து விழுந்த மரங்கள் அழுகாமல், தங்கள் கனத்துக்குச் சமமான அடர்த்தியுள்ள மட்டத்தில் அடுக்கடுக்காக மிதக்கின்றன. முக்குளிப்பவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

ஊரி பகுதியின் சீலிஸ்பெர்க் குறு ஏரியின் 'எல்ப்ஸ்ட்' கதையையும் கரையோரன் பட்டியலில் சேருங்கள். அந்த மிருகம் சில நேரம் மிதக்கும் மரத்தண்டாகவும் சில நேரம் புல் முளைத்த தீவாகவும் தோன்றும் என்று சொன்னார்கள். பார்த்தவர்கள் பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டார்கள்.

---

தூண்டில்முள்

பறவைகளையும் விடக்கூடாது. ஆல்ப்ஸ் ஏரிகளில் கூசாண்டர் வாத்து சாதாரணம். வசந்தத்தின் பிற்பகுதியில் தாய்க்குப் பின்னால் பத்துக் குஞ்சுகள் ஒரே கோட்டில் நீந்தும். தொலைவில் அது ஒற்றை உடல். எல்லாம் ஒன்றாக முங்கினால் மிருகம் மறைந்துவிட்டது. ஏரியை நீந்திக் கடக்கும் செம்மானும் உண்டு. தலையும் கழுத்தும் மட்டும் தெரியும். 'குதிரைத் தலை' என்று எழுதியிருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

நிறம் பற்றியும் சொல்கிறேன். முர்டென் ஏரி சிவந்தால் 1476இல் அங்கே மடிந்த பர்கண்டிப் படையினரின் ரத்தம் மேலே வருகிறது என்பார்கள். அது பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபெசன்ஸ் என்ற சிவந்த நீலப்பச்சைப் பாக்டீரியா. கோடையில் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் தட்டையான அடுக்காக மறைந்திருக்கும். குளிர் தொடங்கி நீர் கலந்ததும் உடலிலுள்ள வாயுப் பைகளால் மேலே மிதந்து வரும். போர் நடந்தது ஜூன் 22. சிவப்பு தெரிவதோ பெரும்பாலும் குளிர்காலத்தில். கதையையும் உயிரியலையும் பிரித்துப் பார்க்க இந்தத் தேதி ஒன்றே போதும்.

---

கரையோரன்

கடைசியாக ஒன்று. இப்போது கரையோரக் கேமராப் பதிவுகள் நிறைய வருகின்றன. ஒரு பதிவில் திமில் வரிசை தெரிந்தால் அலையா உடலா என்று முடிவு செய்ய ஏதாவது வழி உண்டா?

---

அலைக்கணக்கு

உண்டு. ஆழநீர் அலைக்குத் தன் இடைவெளியே வேகத்தை விதிக்கிறது. இடைவெளியின் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்குங்கள். திமில்கள் 4 மீட்டர் தள்ளித் தள்ளி இருந்தால் ஒவ்வொன்றும் வினாடிக்கு 2.5 மீட்டர் நகர வேண்டும், 9 மீட்டர் என்றால் 3.75. பதிவில் எதிர்க்கரையின் இரண்டு அடையாளங்களை எடுத்து, கேமரா நின்ற இடத்தோடு சேர்த்து வரைபடத்தில் அளவுகோல் போடுங்கள். தூரம் சரியாகத் தெரியாவிட்டால் இந்தக் கணக்கு தவறிவிடும், எனவே அதில் நேரம் செலவிடுங்கள். பிறகு பத்து வினாடிகளில் திமில் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணுங்கள். வேகம் ஒத்துப்போனால் அலை.

மிதக்கும் கட்டை இந்த விதிக்குக் கட்டுப்படாது. அது காற்றோடு, காற்றின் வேகத்தில் ஓரிரு சதவீதத்தில் மெல்ல நகரும். ஆகவே அன்றைய காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கோமோவில் காலையில் வடக்கிலிருந்து திவானோ, நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து பிரேவா. காலைப் பதிவில் உருவம் தெற்கு நோக்கி ஊர்ந்து, மாலைப் பதிவில் அதே உருவம் வடக்கு நோக்கித் திரும்பி வந்திருந்தால் கட்டையைத் தேட ஆள் அனுப்பலாம். படகுத் துறைக்கும் சொல்லிவிடுங்கள். பாதி மூழ்கிய கட்டை வேகப் படகின் அடித்தளத்தைப் பிளந்துவிடும்.